அந்தமானும் ஒரு காமிராவும்

புகைப்படக் கலைஞர் ஒருவரோடு விடுமுறைப் பயணம் செல்வது பொறுமைக்கு ஒரு சோதனை. நாம் சிற்றுண்டி அருந்த விரும்பும் வேளையில் அவர் ஒளியைத் தேடிப் புறப்படுவார், நாம் ஊர் சுற்ற விரும்பும் நண்பகலில், "வெயில் ஏறிவிட்டது, இனிப் படம் தேறாது" என்று கூறிக் கட்டிலில் சாய்ந்துவிடுவார். சென்ற பிப்ரவரித் திங்களில் என் கல்லூரித் தோழர் ஒருவருடன் எட்டு நாள் அந்தமானில் இருந்தேன். அவர் சென்னையில் இருபது ஆண்டுகளாகத் திருமண வீடுகளில் படமெடுத்து வாழ்பவர். "பிறர் வீட்டு மகிழ்ச்சியையே எடுத்துக்கொண்டிருக்கிறேன், ஒரு வாரமாவது எனக்காக எடுக்க வேண்டும்" என்பது அவர் நெடுநாள் விருப்பம். நான் தில்லியில் மத்திய அரசு அலுவலகமொன்றில் மொழிபெயர்ப்பாளன்; காமிராவைப் பற்றி ஏதும் அறியாதவன்; பயன்படுத்தாத விடுமுறைப் பயணச் சலுகை ஒன்று மட்டும் என் கையில் இருந்தது. அப்பயணத்தில் அவரிடம் கேட்டறிந்த சில செய்திகளையும், நாங்கள் இருவரும் கூடி முடிவு காண வேண்டியிருந்த ஒரு வினாவையும் நேயர்களுக்குக் கூற விழைகிறேன்.

அந்தமான் நிக்கோபார்த் தீவுகள் வங்கக் கடலில் வடக்குத் தெற்காக எழுநூறு கிலோமீட்டருக்கு மேல் நீண்டு கிடக்கின்றன. தீவுகளும் பாறைத் திட்டுகளுமாக ஐந்நூற்றுக்கு மேல் எண்ணுவர். மக்கள் வாழ்வன நாற்பதுக்கும் குறைவு. போர்ட் பிளேர் என்று நாம் பள்ளியில் படித்த தலைநகருக்கு 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றப்பட்டது. சென்னையிலிருந்து விமானத்தில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல். கப்பலில் மூன்று நாள் போல ஆகும். மே மாதத்தில் தொடங்கும் மழை, இரண்டு பருவக்காற்றுகளாலும் மாறி மாறிப் பெய்து, ஆண்டு முடியும் வரை முற்றும் ஓய்வதில்லை. ஆதலின் காமிராவுடன் செல்வோர்க்கு ஜனவரி முதல் ஏப்ரல் வரையிலான காலமே ஏற்றது.

முதல் நாளே தோழர் ஏமாந்தார். கதிரவன் எழுவதைப் படமெடுக்க ஆறு மணிக்கு மணியடிக்குமாறு வைத்துவிட்டு உறங்கினார். விழித்தெழுந்தபோது சாளரத்தில் முழு வெயில். காரணம் எளிது. இந்தியா முழுமைக்கும் ஒரே கடிகாரம். அது கிழக்குத் தீர்க்கரேகை 82½ பாகையை ஒட்டி வகுக்கப்பட்டது. ஸ்ரீ விஜயபுரமோ ஏறக்குறைய 92¾ பாகையில் உள்ளது. ஒரு பாகைக்கு நான்கு நிமிடமாகக் கணக்கிட்டால், அங்கே கதிரவன் கடிகாரத்தை நாற்பது நிமிடத்துக்கு மேல் முந்திக்கொள்கிறது. சென்னையோடு ஒப்பிட்டால் வேறுபாடு ஐம்பது நிமிடம். பிப்ரவரியில் காலை ஐந்தே முக்காலுக்குள் எழுந்து, மாலை ஐந்தரைக்குள் மறைந்துவிடுகிறது. மே மாதத்தில் ஐந்து மணிக்கு முன்பே விடிகிறது. டிசம்பர்த் தொடக்கத்தில் மாலை ஐந்து மணிக்கே கதிரவன் கடலுள் இறங்கிவிடும். மாலைக் காபி அருந்திவிட்டுக் கடற்கரைக்குப் போகலாம் என்று இருப்பவர் இருட்டைத்தான் படமெடுக்க நேரும்.

கடற்கரை மணலைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். பவளப் பாறைகளும் கிளிஞ்சல்களும் நொறுங்கி உண்டான வெண்மணல் அது. காமிராவினுள் இருக்கும் ஒளியளவி எதனையும் நடுத்தரச் சாம்பல் நிறமாகவே கருதுவது. வெண்மணலைக் கண்டதும் ஒளி மிகுந்துவிட்டது என்று எண்ணிக் குறைத்துவிடும். படத்தில் மணல் சேறு போலத் தோன்றும். ஆதலின் ஒரு படி, சில வேளை ஒன்றரைப் படி, ஒளியைக் கூட்டி வைத்து எடுக்க வேண்டும் என்றார் தோழர். கடல் நீரின் மினுக்கத்தைக் குறைத்து அடியிலுள்ள பவளத்தைக் காட்ட, லென்சின் முன் பொருத்தும் போலரைசர் கண்ணாடி உதவுகிறது. நண்பகல் வீண் என்று சொல்லும் அவரே, நீருக்கடியில் எடுப்பதற்கு நண்பகலையே தேர்ந்தார். கதிர் செங்குத்தாக இறங்கினால்தான் வெளிச்சம் ஆழம் வரை எட்டும். அவ்வாறு எட்டும்போதும் நீர் முதலில் சிவப்பை விழுங்கிவிடுகிறது. எனவேதான் செந்நிற மீனும் சில வாகம் ஆழத்தில் பழுப்பாகத் தோன்றுகிறது. காற்றின் ஈரத்தால் லென்சின் உட்புறம் பூஞ்சணம் படர்வது அங்கே பெருந்தொல்லை. தோழர் ஒவ்வோர் இரவும் தம் கருவிகளைத் துடைத்துச் சிலிக்கா ஜெல் பொட்டலங்களுடன் மூடிய பெட்டியில் வைத்தார். தம் மூக்குக் கண்ணாடியை அவர் அவ்வளவு கவனித்து நான் கண்டதில்லை.

ஊரை அடுத்துக் கடலில், படகில் சில நிமிடத் தொலைவில், ராஸ் தீவு உள்ளது. 2018 டிசம்பர் முதல் அதன் பெயர் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவு. 1858-க்குப் பின் ஆங்கிலேயரின் ஆட்சித் தலைமையிடம் அங்கேதான் இருந்தது. மாதா கோவில், நடன மண்டபம், ரொட்டிச் சாலை எல்லாம் கட்டிக்கொண்டு, எதிர்க்கரையில் கைதிகளை வைத்து அவர்கள் வாழ்ந்தனர். 1941 ஜூனில் பெரும் நிலநடுக்கம்; 1942 மார்ச்சில் ஜப்பானியர் வருகை; பிறகு அங்கு யாரும் மீண்டும் குடியேறவில்லை. இன்று அச்சுவர்களை ஆல், அரச இனத்து மரங்களின் வேர்கள் பற்றி நிற்கின்றன. சுவரை மரம் தாங்குகிறதா, மரத்தைச் சுவர் தாங்குகிறதா என்று கூற இயலாது. மேகமூட்டமான காலையே அங்கு நல்லது. வெயிலில் வேரும் நிழலும் ஒன்றோடொன்று குழம்பிவிடும்.

செல்லுலர் சிறையை 1896 முதல் 1906 வரை பத்தாண்டு கட்டினர். நடுக்கோபுரம் ஒன்றிலிருந்து ஏழு கைகள் நீளும் வடிவம். அறுநூற்றுத் தொண்ணூறுக்கு மேற்பட்ட தனியறைகள். ஒரு வரிசையின் முகப்பு அடுத்த வரிசையின் முதுகைப் பார்க்கும். எவரும் எவரையும் காண இயலாது. இன்று எஞ்சியவை மூன்று கைகளே. 1979-இல் தேசிய நினைவுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. தோழர் அங்கு முதல் அரைமணி நேரம் காமிராவைத் திறக்கவில்லை. தூக்குமேடையின் அருகில் ஒரு குடும்பத்தார் முறுவலித்து நின்று தம்மைத் தாமே எடுத்துக்கொண்டிருந்தனர். அவர்களைக் குறை சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை, ஏனெனில் வருவோர் எங்கு நின்று எவ்வாறு பார்ப்பது என்று யாரும் கற்பித்ததில்லை. பிறகு தோழர் ஓர் அறையினுள் நுழைந்து, பின்சுவரில் உயரத்தே இருந்த சிறு சாளரத்தை மட்டும் எடுத்தார். அறைக்கேற்ப ஒளியளவை வைத்தால் வெளியே வானம் வெறும் வெண்மையாகிவிடும். வானத்துக்கேற்ப வைத்தால் அறை முழு இருளாகும். அவர் இருளையே தேர்ந்தார்.

ஹேவ்லாக் என்றிருந்து இப்போது சுவராஜ் தீவு என வழங்கும் தீவிலுள்ள ராதாநகர்க் கடற்கரை மேற்கு நோக்கியது; மாலைக்கு ஏற்றது. கிழக்குக் கரையிலுள்ள காலாபத்தர் காலைக்கு ஏற்றது. இரண்டையும் ஒரே நாளில் மாற்றிக்கொண்டு போய் ஏமாறுவோரை நாங்கள் கண்டோம். அங்கே நீந்தும் யானை எங்கே என்று இன்றும் கேட்கிறார்கள்; ராஜன் என்னும் அவ்யானை 2016-இல் இறந்துவிட்டது. அடுத்துள்ள நீல் தீவில், அதாவது இன்றைய சாகீத் தீவில், கடல் குடைந்த இயற்கைப் பாறைப் பாலம் ஒன்று உண்டு. நீர் வற்றிய வேளையில்தான் அதன் அடிக்குச் செல்ல முடியும். வற்றம் நாள்தோறும் ஏறக்குறைய ஐம்பது நிமிடம் தள்ளிப் போகிறது; அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் மிகுதியாக வற்றும். எனவே பஞ்சாங்கம் பார்த்துப் போவது மூடநம்பிக்கையன்று. ஆனால் அங்கு காலடியில் இருப்பது வெறும் கல்லன்று என்பதை மறக்கலாகாது. குழிகளில் தேங்கிய நீரில் உயிருள்ள பவளமும் கடல் வெள்ளரியும் சிறு நண்டுகளும் உள்ளன. படத்துக்காக ஓரடி பின்வாங்குபவர் எதை மிதிக்கிறார் என்று அவருக்கே தெரிவதில்லை. இறந்த பவளத்துண்டையும் கரையிலிருந்து எடுத்துவரச் சட்டம் இடந்தருவதில்லை.

நேயர்கள் பலரும் இத்தீவுகளின் காட்சி ஒன்றைத் தம் சட்டைப் பையில் வைத்திருந்தவர்களே. பழைய சிவந்த இருபது ரூபாய் நோட்டின் பின்புறத்தில் தென்னை மரங்களுக்கிடையே கடலும் கலங்கரை விளக்கமும் தெரியுமே, அது ஹாரியட் மலையிலிருந்து காணும் காட்சி என்பர். 2021 முதல் அம்மலைக்கு மணிப்பூர் மலை என்று பெயர். தோழர் ஒரு நோட்டைக் கையில் பிடித்துக்கொண்டு அதே கோணத்தைத் தேடி ஒரு மணி நேரம் அலைந்தார். மரங்கள் வளர்ந்துவிட்டன, நோட்டைப் போன்ற படம் கிடைக்கவில்லை.

இனி அந்த வினாவுக்கு வருகிறேன்.

தெற்கு அந்தமானுக்கு வடக்கே பாராடாங் என்னும் தீவு. அங்கு அலையாத்திக் காடுகளும் சுண்ணாம்புக் குகைகளும் சேற்றெரிமலையும் உள. தலைநகரிலிருந்து தரை வழியே போக வேண்டுமாயின், ஜிர்காடாங் என்னும் இடத்தில் ஒரு வாயிலைக் கடந்து, ஜாரவா மக்களின் காட்டினூடே ஏறக்குறைய ஐம்பது கிலோமீட்டர் செல்ல வேண்டும். வண்டிகளைக் குறித்த நேரங்களில் காவலர் துணையுடன் அணியாக விடுகின்றனர். நிறுத்தலாகாது, முந்தலாகாது, எதையும் கொடுக்கலாகாது, படமெடுக்கலாகாது. மீறினால் சிறைத்தண்டனை உண்டு. எங்களுக்கு வண்டி அமர்த்தித் தந்த முகவர் இவற்றையெல்லாம் ஒழுங்காகச் சொல்லிவிட்டு, இறுதியில் குரலைத் தாழ்த்தி, "அதிர்ஷ்டம் இருந்தால் அவங்களைப் பார்க்கலாம் சார்" என்றார். வேங்கைப் புலியைப் பற்றிக் காட்டுவழிகளில் சொல்லக் கேட்ட அதே வாக்கியம்.

அன்றிரவு தோழர் உறங்கவில்லை. போவதா, வேண்டாமா என்பதே பேச்சு. அவர் மனத்தை அலைத்தது சட்டமன்று. தம் தொழிலின் வரலாறு. 1879-இல் அந்தமானுக்கு வந்து, அத்தீவுப் பழங்குடிகளுக்குப் பொறுப்பதிகாரியாயிருந்த மாரிஸ் விடால் போர்ட்மன் என்னும் ஆங்கிலேயர், 1890-களில் லண்டனிலுள்ள பிரிட்டிஷ் மியூசியத்துக்காக அம்மக்களை நூற்றுக்கணக்கில் படமெடுத்தார். கறுப்பு வெள்ளைக் கட்டங்கள் வரைந்த திரையின் முன்னே நிறுத்தி, நேர்முகமும் பக்கமுகமுமாக, உடலை அளக்க வாய்ப்பாக எடுத்தவை அவற்றுள் பல. படங்கள் தெளிவானவை, கைத்திறம் மிக்கவை, அதை மறுப்பதற்கில்லை. ஆனால் அவர் எடுத்தவருட் பெரும்பாலோர் சேர்ந்திருந்த பெரிய அந்தமானியர் என்னும் குழுக்கள், குடியேற்றத்தோடு வந்த நோய்களால் ஏற்கெனவே அழிந்துகொண்டிருந்தன. 1877-இல் ஒரு தட்டம்மையே ஊர் ஊராக மாய்த்தது. ஆயிரக்கணக்கில் இருந்தவர் 1901 கணக்கெடுப்பில் 625 பேர்; 1961-இல் 19 பேர். படங்கள் மியூசியத்தில் நன்றாக இருக்கின்றன.

ஜாரவா மக்கள் வேறு. அவர்கள் ஒரு நூற்றாண்டுக்கு மேல் வெளியாரைக் காட்டினுள் அண்டவிடாது வில்லும் அம்புமாய் எதிர்த்து நின்றவர்கள். அதனாலேயே எஞ்சியவர்கள் என்றும் கூறலாம். இன்று சில நூறு பேர். 1974-இல்தான் அரசுக் குழுவினர் முதன்முதலாக நட்புடன் அணுக முடிந்தது. 1997 முதல் அவர்களே காட்டைவிட்டு வெளியே வரத் தொடங்கினர். 1999-இல் அவர்களிடையே தட்டம்மை பரவிற்று. சாலை அதற்கு முன்பே வெட்டப்பட்டுவிட்டது. 2002-இல் உச்ச நீதிமன்றம் அச்சாலையின் பகுதிகளை மூட ஆணையிட்டது. ஆயினும் போக்குவரத்து நின்றபாடில்லை. 2012 ஜனவரியில், சுற்றுலா வந்தோர்க்காக ஜாரவாப் பெண்களை உணவு காட்டி ஆடச் செய்த காட்சிப்படம் ஒன்று வெளிநாட்டுச் செய்தித்தாள் வழியே வெளியாகி நாடு முழுதும் தலைகுனிந்தது. அவ்வாண்டே சட்டம் திருத்தப்பட்டுத் தண்டனை கடுமையாயிற்று.

அச்சட்டத்தின் மூலம் 1956-ஆம் ஆண்டின் தொல்குடிகள் பாதுகாப்பு ஒழுங்குவிதி. என் தொழில் காரணமாக இத்தகைய விதிகளில் வரும் 'ஒதுக்கப்பட்ட பகுதி' என்னும் தொடரை எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன். தமிழில் அச்சொல் இருபக்கமும் வெட்டும். ஒருவருக்கென்று வைப்பதும் ஒதுக்குவது. ஒருவரைத் தள்ளி வைப்பதும் ஒதுக்குவது. அம்மக்களை நாம் காட்டில் ஒதுக்கி வைத்திருப்பதாகவே பலர் எண்ணுகின்றனர். விதியைப் படித்தால், காடு அவர்களுடையது. ஒதுங்க வேண்டியவர் நாம். இதைத் தோழரிடம் சொன்னேன். "அப்படியானால் நாளைக்கு நீயும் நானும் ஏன் போகிறோம்?" என்று கேட்டார். என்னிடம் விடையில்லை. முன்பணம் கட்டியாயிற்று என்றேன். வெட்கப்பட வேண்டிய விடைதான். ஆனால் அதுவே உண்மை.

விடியலுக்கு முன் மூன்றரை மணிக்குப் புறப்பட்டோம். ஓட்டுநர் தமிழர், அவர் தந்தையார் இராமநாதபுரத்திலிருந்து வந்து குடியேறியவர். ஜிர்காடாங்கில் எங்களுக்கு முன்னே வண்டிகள் நீண்ட வரிசையாய் விளக்கை அணைத்து நின்றன. வாயிலுக்கு வெளியே தேநீர்க் கடைகள். கம்பளி போர்த்திய குழந்தைகள். பூரியும் உருளைக்கிழங்கும் விற்கும் இரைச்சல். திருவிழாவுக்கு வந்த கூட்டம் போலிருந்தது. தோழர் அங்கே சில படங்கள் எடுத்தார். பிறகு காமிராவைப் பையிலிட்டு, பையை வண்டியின் பின்புறத்தில் பெட்டிகளுக்கு அடியில் வைத்துவிட்டு வந்து அமர்ந்தார். கைபேசியையும் அணைத்தார்.

காடு உயர்ந்தது, இருபுறமும் இருண்டது. வண்டியில் யாரும் பேசவில்லை. காமிரா பெட்டிகளுக்கடியில் இருந்தது. என் கண் மட்டும் சாலையோரத்தைத் துழாவிக்கொண்டேயிருந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். பாதி வழியில், வளைவொன்றில், ஓட்டுநர் வேகத்தைக் குறைக்காமலே கண்ணாடியை ஏற்றிவிட்டார். ஓரத்தில் இருவர் நின்றிருந்தனர். இமைப்பொழுதில் கடந்துவிட்டோம். அவர்கள் எவ்வாறு இருந்தனர், எதை அணிந்திருந்தனர் என்பவற்றை இங்கே நான் எழுதப்போவதில்லை. பையில் பூட்டி வைத்ததைப் பேனாவால் வெளியே எடுப்பதற்கு அந்த விதி எனக்கு மட்டும் இடந்தராது.

நடு நீரிணையில் வண்டியோடு தோணியேறி அக்கரை சேர்ந்து, விசைப்படகில் அலையாத்திக் காட்டின் கால்வாயில் புகுந்தோம். கிளைகள் தலைக்கு மேல் கூடி நின்றன. தோழர் ஆவலோடு காமிராவை எடுத்தார். லென்ஸ் முழுதும் பனி படிந்திருந்தது. குளிரூட்டிய வண்டியிலிருந்து ஈரக் காற்றுக்கு வந்ததால் அவ்வாறாயிற்று. துடைக்கத் துடைக்கப் படியும். அது தானே வெதும்பித் தெளியக் கால்மணி நேரம் காத்திருக்க வேண்டும். இவ்வாறு குளிரறையிலிருந்து வெளிவரும் நாட்களில் காமிராவை முன்னதாகவே மூடிய பையோடு வெளிக்காற்றில் வைத்துவிடுவது நல்லது. அது தெளியுமுன் கால்வாய் முடிந்துவிட்டது. குகைகளில் வேண்டிய மட்டும் எடுத்தார். திரும்பும்போதும் அதே காடு, அதே அணி. காமிரா அதே பெட்டிகளுக்கடியில்.

கடைசி நாள் மாலை, விமானத்துக்கு முன், சிப்பிகாட் சென்றோம். 2004 டிசம்பர் 26-ஆம் நாள் பேரலையோடு தெற்கு அந்தமானின் நிலம் ஏறக்குறைய ஒரு மீட்டர் தாழ்ந்தது. அங்கிருந்த வயல்களில் கடல் புகுந்து, பிறகு வெளியேறவேயில்லை. வரப்பு இருந்த இடத்தில் இன்று கொக்கு நிற்கிறது. அந்த நீரில் மாலை ஒளி மிக அழகாக விழுந்தது. நிலத்தை இழந்த உழவர்களை நினைத்து அழகு என்று சொல்லவும் கூசியது. விமான நிலையத்தில் காமிராவுக்கு வேலையில்லை. அது கடற்படையின் தளமுமாதலின் அங்கே படமெடுக்கத் தடை.

எட்டு நாளில் ஆயிரத்துக்கு மேல் எடுத்தவற்றில் இருபத்திரண்டைத் தோழர் பெரிதாக்கி எனக்கு அனுப்பினார். சிறையறையின் சாளரம் அவற்றில் உண்டு. வேர் பற்றிய சுவர் உண்டு. ஆனால் முதலாவதாக அவர் வைத்திருந்தது ஜிர்காடாங்கில் எடுத்தது. விடியாத வானம், அணைந்த விளக்குகளோடு வண்டிகளின் வரிசை, தேநீர்க் கடையின் மஞ்சள் ஒளியில் முப்பது நாற்பது முகங்கள். எல்லாரும் வாயில் எப்போது திறக்கும் என்று ஒரே திசையில் பார்த்துக்கொண்டிருக்கிறோம். முன்வரிசையில், கையில் தேநீர்க் குவளையோடு, கழுத்தை நீட்டிக்கொண்டு நிற்பவன் நான்.